கஸ்டர்டில் முட்டை இல்லை

திருப்பூர் பேக்கரிகளில் சாயங்காலம் சற்று நேரம் நின்று பாருங்கள். பனியன் கம்பெனியில் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள் முட்டை பஃப்ஸ் கேட்பார்கள். பக்கத்திலேயே ஒருவர் பிறந்தநாள் கேக்கைக் காட்டி, "இது முட்டை போடாததுதானே?" என்று இரண்டு தடவை கேட்டுக்கொள்வார். முட்டையில்லாப் பலகாரமெல்லாம் நம் ஊர் சைவர்களுக்காக வந்தது என்று நினைக்கிறோம். அதில் பெயர்பெற்ற முதல் சரக்கு இங்கிலாந்தில், ஒரு மனைவியின் உடம்புக்காக வந்தது.

பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்று ஒரு மருந்துக்கடைக்காரர். அவர் மனைவி எலிசபெத்துக்கு முட்டையும் ஆகாது, ஈஸ்டும் ஆகாது. கஸ்டர்டைக் கெட்டியாக்குவதே முட்டைதான். 1837-ல் பேர்ட் அந்த இடத்தில் மாவுச்சத்தை வைத்தார். சூடான பாலில் மாவு வெந்து கெட்டிப்படும். நம் வீட்டில் கூழ் காய்ச்சத் தெரிந்தவர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை. 1843-ல் ஈஸ்டுக்குப் பதிலாக பேக்கிங் பவுடரும் செய்தார்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே க்ரெம் காரமெல் என்றால் முட்டைதான். அது இல்லாமல் எப்படி என்று கேட்பார்கள். (பிரெஞ்சில் முட்டை ஒருமையில் இருந்தால் 'ஃப்' என்று முடியும், பன்மையில் எழுத்து இருக்கும், ஒலி காணாமல் போய்விடும். எங்களுக்கு அதில் மதிப்பெண் போனதுண்டு.)

பிரான்சிலும் முட்டைக்கு மாற்று தேடியவர்கள் இருந்தார்கள். சமையல்காரர்கள் அல்ல, துணிக்காரர்கள். பிரிண்டிங் பட்டறைக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் அல்சாஸ் பகுதியின் முலூஸ் நகரில் பருத்தித் துணியில் பூ அச்சடிக்க வெள்ளைக்கருவைச் சாயப்பொடியோடு கலந்தார்கள். ஆவி காட்டினால் அது அவித்த முட்டை மாதிரி இறுகி, நிறத்தை நூலோடு பிடித்துக்கொள்ளும். இங்கே பேர்டின் வழி உதவாது. மாவுப்பசை துவைத்தால் போய்விடும். சாப்பிடுகிற பொருள் அவ்வளவும் துணிக்குப் போகிறதே என்று மாற்றுத் தேடி, கசாப்புக்கூடத்து இரத்தத்திலிருந்து எடுத்த புரதத்தைப் பயன்படுத்தினார்கள். இன்று நம் டி-ஷர்ட்டில் அந்த வேலையைச் செய்வது அக்ரிலிக் பைண்டர்.

சமையலுக்குத் திரும்புவோம். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனில் ஆளுக்கு வாரம் ஒரு முட்டைதான் ரேஷன். வினிகரும் சோடாவும் சேர்த்து கேக்கை எழும்ப வைத்தார்கள். அவர்களுக்கு அது இல்லாமையின் கேக். நம்மவர்களுக்கு அப்படியில்லை. கன்டென்ஸ்டு மில்க், மைதா, சோடா, கொஞ்சம் தயிர் அல்லது வினிகர், அடுப்பில் மணல் போட்ட குக்கர்: முட்டை ஏராளமாகக் கிடைத்த காலத்திலேயே, வேண்டாம் என்று சொல்லிச் செய்த கேக் இது. சுவையில் குறை சொல்ல மாட்டேன். பாலின் இனிப்பு சற்று தூக்கலாக இருக்கும், அவ்வளவுதான்.

ஆனால் பெயர்தான் குழப்பியது. எங்கள் ஆபீசில் ஒருவர் விருந்தில் ஃப்ரூட் சாலட்டைக் கையால் தொடமாட்டார். கஸ்டர்ட் மஞ்சளாக இருக்கிறதே, அதுதான் காரணம். அந்த மஞ்சள், முட்டை போட்டது போலத் தோன்றுவதற்காகச் சேர்த்த நிறம்! டப்பாவை எடுத்துக் காட்டியும் அவர் நம்பவில்லை.

பிறகு சட்டம் வந்தது. சைவப் பொட்டலத்தில் பச்சைப் புள்ளி. முட்டை சேர்ந்தால் அது அசைவக் கணக்கு; பாலுக்கு விலக்கு. 2020-ஆம் ஆண்டு லேபிள் விதிகளில், ஒவ்வாமை தரும் பொருட்களின் பட்டியலிலும் முட்டை உண்டு. சைவக்காரருக்கு ஒரு காரணம், முட்டை ஆகாத குழந்தைக்கு இன்னொரு காரணம்; இரண்டுமே அட்டையில் அடங்கிவிட்டன. ஆனால் பேக்கரிக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் வெட்டுக் கேக்குக்கு அட்டை ஏது? ஒரே கத்தியால்தான் எல்லாவற்றையும் வெட்டுகிறார்கள். ஒவ்வாமை உள்ள பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், கேக்கைப் பற்றி மட்டுமல்ல, அந்தக் கத்தியைப் பற்றியும் கேட்பது நல்லது.