மலேரியாக் குளிசையும் மங்கையர் இதயமும்

நம் சங்கம் நூற்றாண்டு காணும் இவ்வேளையில், ஏறக்குறைய அதே வயதுடைய ஒரு மருத்துவக் கட்டுரையை நினைவுகூர விரும்புகிறோம். 1924 இல் நியூயோர்க் மவுண்ட் சினாய் வைத்தியசாலையின் எமானுவேல் லிப்மன், பெஞ்சமின் சாக்ஸ் என்னும் இரு வைத்தியர்கள், நான்கு நோயாளரின் இதயத்தைப் பிரேத பரிசோதனையில் ஆராய்ந்தார்கள். வால்வுகளில் மருக்களைப் போன்ற தடிப்புகள் இருந்தன. கிருமி எதுவும் இல்லை. அவை லூபஸ் நோயின் விளைவு என்பது பின்வந்த ஆண்டுகளிலேயே தெளிவாயிற்று.

நாம் படித்த காலத்தில் வால்வு நோய் என்றால் வாதக் காய்ச்சல்தான். தோழியர் சிலர் மாதந்தோறும் பெனிசிலின் ஊசிக்குச் சென்று நொண்டியபடி திரும்பியது பலருக்கும் நினைவிருக்கும். அது தொண்டைப் புண்ணில் தொடங்குவது. லூபசும் மூட்டு வலி, காய்ச்சல் என்று அதே வேடத்தில் வரக்கூடும். ஆனால் இங்கே உடலின் காவற்படையே உடலைத் தாக்குகிறது. இந்நோயாளர் பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதினர். வால்வுத் தடிப்பு பலரிடம் அறிகுறியே காட்டாது. ஆயினும் அதில் ஒரு துணுக்கு உடைந்து மூளைக்குச் சென்றால், இளம் பெண்ணுக்கும் பாரிசவாதம் வரலாம்.

இந்நோய்க்கான மருந்தின் கதை நமக்கு அந்நியமானதன்று. மலேரியா திருகோணமலையின் பழைய பகை. நம் துறைமுகத்தில் போர்க்கப்பல்கள் நிறைந்திருந்த இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், ஆசியப் போர்முனைகளில் நின்ற நேச நாட்டுப் படையினருக்கு மலேரியாவைத் தடுக்க மெப்பக்கிரின் என்னும் மஞ்சட் குளிசை கொடுக்கப்பட்டது. 1951 இல் லண்டன் வைத்தியர் பிரான்சிஸ் பேஜ், அதே குளிசை லூபசுக்கும் பலன் தருவதை 'லான்செட்' இதழில் எழுதினார். அதன் உறவான ஹைட்ரொக்சிகுளோரோகுயின் இன்று லூபஸ் நோயாளர் அநேகரின் அன்றாடக் குளிசை. 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. மலேரியா போயிற்று, அதன் மருந்து பெண்களுக்குத் துணையாய் நின்றுவிட்டது.

லிப்மனும் சாக்சும் இறந்தோரிடம் கண்டதை, இன்று எக்கோ பரிசோதனை உயிரோடிருக்கையிலேயே காட்டுகிறது. ஆனால் முதலில் நாம் வைத்தியரிடம் போகவேண்டுமே! வெயில் பட்டால் கன்னம் சிவத்தல், காலையில் விரல் விறைத்தல், ஓயாத களைப்பு ஆகியவற்றை வீட்டு வேலையின் அலுப்பென்று ஒதுக்குவது நம் வழக்கம். லூபஸ் உள்ள சகோதரியர் மூச்சு வாங்கினால் தாமதிக்கலாகாது. கர்ப்பமுற்றாலும் குளிசையைத் தாமாக நிறுத்தாமல் வைத்தியரைக் கேட்கவேண்டும். எங்கு வாழ்ந்தாலும் இச்செய்தியை நம் பெண்மக்களுக்கும் சொல்லி வைப்போம்.