தோள் தசைநாண் அளவீட்டில் மீயொலியின் நம்பகம்: இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தை முன்வைத்து

1936இல் பி.ஏ.சி. இராமசாமி ராஜா நிறுவிய இராஜபாளையம் மில்லைத் தொடர்ந்து இவ்வட்டாரத்தில் நூற்பாலைகள் பெருகின. அறுந்த இழையை ஒட்டக் கையை மீண்டும் மீண்டும் நீட்டும் வேலை அது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளைச் சுமக்கும் ஸ்ரீபாதம்தாங்கிகளுக்கோ தண்டின் பாரம் தோளிலேயே தங்கும். எக்ஸ்ரே எலும்பைக் காட்டுமேயன்றித் தசைநாணைக் காட்டாது. இவர்தம் வலி நெடுங்காலம் வாய்மொழியாகவே இருந்தது.

1980களில் தோளாய்வில் மீயொலி வேரூன்றியது. சிக்கல் அளப்பவரிடமே தொடங்குகிறது. சுப்ராஸ்பினேட்டஸ் தசைநாணின் தடிமன் ஏறத்தாழ 5 அல்லது 6 மி.மீ.; அரை மி.மீ. பிழையே பத்தில் ஒரு பங்கு. ஒலியுணரி சற்றுச் சாய்ந்தால் நலமான நாணும் கருத்துக் கிழிசல்போல் தோன்றும். ஒட்டுறவு வேறு, உடன்பாடு வேறு என்பதை 1986இல் பிளாண்டும் ஆல்ட்மனும் வலியுறுத்தினர்: ஒருவர் எப்போதும் அரை மி.மீ. கூட்டி அளந்தாலும் ஒட்டுறவுக் கெழு குறையாது.

இந்தியாவில் இன்னொரு தடையும் உண்டு. கருவின் பாலறிந்து அழிப்பதைத் தடுக்க (நியாயமாகவே) இயற்றப்பட்ட 1994ஆம் ஆண்டுச் சட்டம் மீயொலிக் கருவியைப் பதிவுபெற்ற இடத்தோடு பிணைக்கிறது. ஆலை வாயிலுக்குக் கருவி வருவது அரிது. தொழிலாளிதான் ஷிப்டு முடிந்து, களைத்த தோளோடு அதனிடம் செல்ல வேண்டும். உழைத்த தோளின் நாண் ஓய்ந்த தோளினதைவிடத் தடித்திருக்கக்கூடும். அளந்த நேரத்தையும் கையின் நிலையையும் குறிக்காத அறிக்கை, ஈ.எஸ்.ஐ. திட்டத்தின்கீழ் பணிக்காயத்துக்குப் பயன்கோரும் இடத்தில் மறுக்கத்தக்கதே.