'ஏன் கட்டவில்லை?' என்னும் வினா: பியர்டன் தீர்ப்பும் முடக்கப்பட்ட ஓட்டுநர் உரிமமும்

நீதிமன்றம் விதித்த அபராதத்தைக் கட்டத் தவறியவருடைய ஓட்டுநர் உரிமத்தை, அவர் கடைசிக் காசையும் கட்டி முடிக்கும் வரையில் முடக்கி வைக்கும் அமெரிக்க மாநிலச் சட்டங்களைப் பற்றி எழுதியோரில் ஒரு சாரார், 1983-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வழங்கிய பியர்டன் எதிர் ஜார்ஜியா தீர்ப்புக்கும் இவ்விவகாரத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லையென்று சாதித்து வருகின்றனர். அத்தீர்ப்பு சிறைவாசத்தைப் பற்றியது. உரிமம் பறிபோவது சிறைவாசம் அன்று. ஆதலால் ஒருவருக்குக் கட்டும் சக்தி உண்டா என்று விசாரிக்கும் கடமை அரசுக்கு இல்லை என்பது அவர்கள் வாதத்தின் சாரம். மிச்சிகன் மாநிலத்தைப் பற்றி 2019-இல் தீர்ப்பான ஃபௌலர் எதிர் பென்சன் வழக்கில் ஆறாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் பெரும்பான்மையினரும் ஏறத்தாழ இவ்வழியிலேயே சென்றனர். இந்த வாசிப்பு, தீர்ப்பின் முடிவை மட்டும் பற்றிக்கொண்டு அதன் நியாயத்தைக் கைவிட்டது என்பது என் துணிபு.

வழக்கின் வரலாறு அறிஞர் அறிந்ததே. எனினும் அதன் ஒரு நுணுக்கம் உரிய கவனம் பெறவில்லை. கன்னக்களவு முதலிய குற்றத்தை ஒப்புக்கொண்ட பியர்டன் என்பவரைச் சிறைக்கு அனுப்பாமல், நன்னடத்தைக் கண்காணிப்பில் விட்டு, 500 டாலர் அபராதமும் 250 டாலர் நட்டஈடும் விதித்தது விசாரணை நீதிமன்றம். தாய் தந்தையரிடம் கடன் வாங்கி, முதல் நாள் நூறும் மறுநாள் நூறுமாக அவர் 200 டாலர் கட்டினார். ஏறக்குறைய ஒரு மாதத்தில் வேலை போயிற்று. ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றுபோய், வாசிக்கவும் அறியாதிருந்த அவருக்கு, பன்முறை அலைந்தும் வேறு வேலை அகப்படவில்லை. எஞ்சிய 550 டாலருக்குக் கெடு நெருங்கிய வேளையில், பணம் தாமதமாகும் என்பதைக் கண்காணிப்பு அலுவலகத்துக்குத் தாமே முன்கூட்டித் தெரிவித்தார். அவர் சொன்ன காரணம் மெய்யா பொய்யா என்று எடைபோட்டு முடிவு சொல்லாமலேயே, கண்காணிப்பை ரத்துச் செய்து, மீதிக் காலத்தைச் சிறையில் கழிக்குமாறு உத்தரவாயிற்று. உச்ச நீதிமன்றம் கண்ட குறை இதுவே: பணம் வரவில்லை என்பது தெரிந்தது, ஏன் வரவில்லை என்பது தீர்மானிக்கப்படவில்லை.

நீதிபதி சாண்ட்ரா டே ஓகானர் எழுதிய அத்தீர்ப்பின் கருவென்று நான் கருதுவது, எல்லோரும் எடுத்தாளும் அதன் முடிவுரையை அன்று. அரசின் வாதங்களுக்கு ஒவ்வொன்றாக விடை சொல்லும் இடையிலுள்ள பகுதியையே. கண்காணிப்பு ரத்தாகும் என்ற அச்சம் இருந்தால்தான் பணம் வசூலாகும் என்று அரசு வாதித்தது. தன் பிழை ஏதுமின்றிக் கட்ட இயலாதவனிடத்தில் அந்த அச்சம் பணத்தை வரவழைக்காது என்பதும், எப்படியாவது பணம் தேட வேண்டுமென்று அவனைத் தவறான வழியிலே தள்ளவும் கூடும் என்பதும் நீதிமன்றத்தின் விடை. இவ்விடையில் சிறையை எடுத்துவிட்டு அதன் இடத்தில் உரிமத்தை வைத்துப் பார்த்தால், வாதம் தளர்வதற்கு மாறாக உறுதியே பெறுகிறது. பேருந்து எட்டிப்பாராத மிச்சிகன் சிற்றூரொன்றில் உரிமம் இழந்தவர் வேலைக்குப் போகாமல் வருமானத்தை இழக்க வேண்டும். அல்லது உரிமமின்றி வண்டியோட்டி, அதுவே புதிய குற்றமாகிப் புதிய அபராதத்துக்கு ஆளாக வேண்டும். கல்லில் நார் உரிக்கும் இக்காரியத்தை வசூலுக்கான உபாயம் என்று எங்ஙனம் சொல்வது?

இங்கே நிதானம் வேண்டும். தீர்ப்பின் விதி சிறைவாசத்தைக் குறித்தே வகுக்கப்பட்டது என்பதை நான் மறுக்கவில்லை. சிறைக்கும் உரிமத்துக்கும் உள்ள தூரமும் சிறிதன்று. ஆனால், பாதிக்கப்படும் நலன் எத்தன்மையது, எவ்வளவு பாதிக்கப்படுகிறது, சட்டத்தின் நோக்கத்துக்கும் அதன் வழிக்கும் உள்ள தொடர்பு பகுத்தறிவுக்கு ஒத்ததா, மாற்று வழி உண்டா என்ற நான்கையும் சேர்த்து நோக்க வேண்டுமென்று தீர்ப்பே கூறுகிறது. இந்த அளவுகோலில் சிறை ஒரு பெரிய எடையேயன்றி, அளவுகோலே அன்று. உரிய சட்ட முறை, சமமான பாதுகாப்பு என்னும் அமெரிக்க அரசியலமைப்பின் 14-ஆவது திருத்தத்தின் இரு கோட்பாடுகளும் இவ்வகை வழக்குகளில் ஒன்று கலக்கின்றன என்றும் அத்தீர்ப்பு வற்புறுத்துகிறது. அவ்விரண்டையும் பிரித்து நிறுத்தினாலன்றி மறுதரப்பு வாதம் நடவாது.

பிரித்தபின் அவர்கள் சொல்வது யாது? மாநிலச் சட்டம் வறுமையைப் பொருட்படுத்தாதபோது, வறுமையைப் பற்றி விசாரணை நடத்துவது வியர்த்தம் என்பது. இது, கேட்கப்பட்ட வினாவையே விடையாகத் திருப்பித் தருவதாகும். 1971-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த பெல் எதிர் பர்சன் வழக்கில் ஜார்ஜியாவும் இவ்வாறே வாதித்தது. மூன்று கிராமச் சமூகங்களுக்குக் காரில் சென்று ஊழியம் புரிந்த ஒரு போதகரின் வண்டிமீது ஒரு சிறுமி சைக்கிளோடு வந்து மோதினாள். ஈட்டுத்தொகை கட்டினாலன்றி உரிமம் முடங்கும், பிழை யாருடையது என்பது விசாரணைக்கு வேண்டாதது என்றது அரசு. சட்டத்தின் முழு அமைப்பையும் நோக்கினால் பிழைப்பொறுப்பு அதனுள் முக்கிய அம்சமாயிருப்பதால், அதை விசாரணையினின்று விலக்கலாகாது என்றார் நீதிபதி பிரென்னன். அபராத வசூலும் அத்தகையதே. ஒருவரை நிர்ப்பந்தித்துப் பணம் வாங்குவதே சட்டத்தின் நோக்கமானால், அவரிடம் பணம் இருக்கிறது என்னும் அநுமானம் அச்சட்டத்தின் உள்ளே ஒளிந்திருக்கிறது. அந்த அநுமானம் மெய்யா என்று கேட்பது சட்டத்துக்குப் புறம்பான கேள்வி ஆகாது. ஜார்ஜியாச் சட்டத்தில் பொறுப்பைப் பற்றிய வாசகம் வெளிப்படையாக இருந்தது, மிச்சிகனில் அப்படி இருக்கவில்லை என்பர். உண்மைதான், ஆயினும் அநுமானத்தை எழுதாமல் விட்டதனால் அது இல்லாமற் போய்விடுமா?

வண்டி ஓட்டுவது சலுகையே, உரிமை அன்று என்ற ஆட்சேபம் நெடிய விடை வேண்டுவதன்று. பெல் தீர்ப்பே அப்பாகுபாட்டைத் தள்ளிவிட்டது. விசாரணை நடத்தச் செலவாகும் என்பதும் அத்தகையதே. கெடுவை நீட்டித்தல், தொகையைக் குறைத்தல், பொதுப்பணி செய்வித்தல் என்று பியர்டன் தீர்ப்பு காட்டிய மாற்று வழிகளுள் எதுவும் ஓர் அரசால் தாங்க முடியாததன்று.

இத்தகைய சட்டமே இருந்த வர்ஜினியாவில் 2018 டிசம்பரில் நீதிபதி நார்மன் மூன், உரிமம் தானாகவே முடங்க வகைசெய்த அம்மாநிலச் சட்டம், உரிமம் இழப்போர் தம் நிலையை எடுத்துச் சொல்ல இடமே தரவில்லை என்று கண்டு இடைக்காலத் தடை விதித்தார். மேல்நிலைத் தீர்ப்பொன்று வருமுன் 2020-இல் சட்டமன்றம் அச்சட்டத்தையே நீக்கிற்று. அவ்வழக்கு பின்னர் உச்ச நீதிமன்றம் வரை சென்றும், 2025-இல் அங்கே தீர்மானமானது, இடைக்காலத் தடை மட்டும் பெற்றவர்க்கு வழக்கறிஞர் கட்டணம் உண்டா என்பதே. இல்லை என்று விடை வந்தது. கட்ட இயலாதவரின் உரிமத்தைப் பற்றிய மூலவினாவை அத்தீர்ப்பு தொடவில்லை.