கல் என்னும் ஒரு சொல்

குழந்தை எழுத்துக் கூட்டிப் படிக்கும் முதற் சொற்களுள் ஒன்று 'கல்'. ஆயினும் அதன் பொருள் ஒன்றன்று. அடுப்படியில் அது தோசை வார்க்கும் இரும்பு. பொற்கொல்லர் பட்டறையில் மோதிரத்தில் பதிக்கும் மணி. பழைய வழிப்போக்கருக்கு ஒரு மைல் தொலைவு. நோயாளிக்குச் சிறுநீரகத்தில் தங்கிய வேதனை. ஏவலாக வருமாயின் 'படி' என்று பொருள்படும். கல்லுதல் என்றால் தோண்டுதல். கல்வியையும் அதனோடு இணைத்துப் பொருள் காண்பார் உளர்.

ஒரு சொல்லின் பல பொருள்களை அகரவரிசையில் தொகுத்தளித்தவர் வீரமாமுனிவர். 1680இல் இத்தாலியில் பிறந்து, அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் பணியாற்றியவர். 1732இல் அவர் இயற்றிய சதுரகராதியின் முதற்பகுதியான பெயரகராதி இவ்வகையினதே. அவர் காலத்தில் நிழற்படம் இல்லை. இன்றோ இவ்வட்டாரத்தின் படங்களையே ஓர் அகராதியாகப் புரட்டலாம்.

முதற் படம், பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர். நீண்டு கிடக்கும் அடிமரத்தில் மரத்தின் வடிவம் தெளிவாகத் தெரிகிறது. தொட்டால் அது கல். நிலவியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் 1940இல் இதனை உலகறியச் செய்தார். 18 மீட்டருக்கு மேற்பட்ட நீளமுடைய இம்மரம், ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முன் கடற்படிவில் புதையுண்டது. 'கல்மரம்' என்னும் பெயரில் முரணான இரு சொற்கள் கைகோத்து நிற்கின்றன.

இரண்டாம் படம், அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கம். 1979இல் இங்கு அரசு சிமெண்ட் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. தனியார் ஆலைகளும் வந்தன. ஆலைக்குக் கல் என்பது மூலப்பொருள். தொழிலாளிக்கு அன்றாட உணவு. அதே கல்லில் ஆட்டுக்கொம்பாய்ச் சுருண்ட அம்மோனைட் என்னும் பழங்கடலுயிரின் ஓட்டைக் காணும் மாணவனுக்கோ அது பாடநூல்.

மூன்றாம் படம் நம் எல்லார் வீட்டிலும் உண்டு. நவம்பர் 2ஆம் நாள், மெழுகுதிரி ஒளியில் கல்லறை. அங்கே கல் என்பது ஒரு பெயரும் இரு தேதிகளும்.

நான்காம் படத்திற்குத் தஞ்சை செல்லவேண்டும். 1858இல் சென்னை அரசின் நிழற்படக் கலைஞர் லின்னேயஸ் டிரைப், பெரிய கோவிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளத்திற்கு ஒட்டி இணைத்தார். கல்லைக் கற்பதற்காக எடுத்த படம் அது.

ஐந்தாம் படம் இல்லை. தந்தையின் தஞ்சைக் கோவிலை அடியொற்றி இராசேந்திர சோழன் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரம் இந்த அரியலூர் மாவட்டத்திலேயே உள்ளது. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டுவதற்காக அக்கோவிலின் வெளிமதில் பெயர்க்கப்பட்டது. ஊரார் தடுக்க முயன்றதும், ஈடாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாக வாக்களிக்கப்பட்டதும், அவ்வாக்கு முறையாக நிறைவேறாததும் 1855ஆம் ஆண்டுக் குறிப்பால் தெரிகின்றன. நிழற்படக் கலை உலகிற்கு அறிவிக்கப்பட்டது 1839இல். மூன்றே ஆண்டு இடைவெளியில், அம்மதில் எவ்வாறு நின்றது என்பதைக் காணும் வாய்ப்பை நாம் இழந்தோம்.

அணை வேண்டாம் என்போமா? அதன் நீரில் விளைந்த நெல்லை உண்டவர் பலர். சிமெண்ட் வேண்டாம் என்போமா? நம் வீடுகளும் ஆலயங்களும் அதனாலேயே எழுகின்றன. எனினும் ஒரு கல்லின்மீது பலருக்குப் பல உரிமைகள் உண்டு. அச்சொல்லின் பல பொருள்கள் அவ்வுரிமைகளே. ஒரு பொருளுக்காகக் கல்லை எடுக்கும்போது பிற பொருள்களும் உடன் போய்விடுகின்றன.

1836இல் இல்லாத கருவி இன்று நம் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. வெடி வைக்குமுன் ஒரு படம், பழைய கட்டடத்தைப் பிரிக்குமுன் ஒரு படம், தேய்ந்துவரும் கல்லறை எழுத்துக்கு ஒரு படம். ஊரும் நாளும் குறித்து வைப்போம். படம் கல்லுக்கு ஈடாகாது. ஆயினும் நமக்குப்பின் வருவோர் கற்க ஏதேனும் எஞ்சும்.