28 இடங்கள்: 1920 சென்னைச் சட்டமன்றத் தேர்தல் குறித்து ஒரு குறிப்பு

1920 நவம்பரில் சென்னை மாகாணத்தில் நடந்த சட்டமன்றத் தேர்தலைப் பற்றி எழுதுவோர் பலர், 98 இடங்களில் 63-ஐ நீதிக்கட்சி வென்றது என்பதோடு நின்றுவிடுகின்றனர். ஆய்வு மாணவர்கள் கவனிக்க வேண்டிய எண் 28.

1919ஆம் ஆண்டுச் சட்டம் உருவானபோது பிராமணரல்லாதாருக்குத் தனி வாக்காளர் தொகுதிகள் வேண்டும் என்று நீதிக்கட்சி கோரியது. அதற்காக வாதாட இலண்டன் சென்ற டி. எம். நாயர், 1919 ஜூலையில் அங்கேயே காலமானார். தனித்தொகுதிக் கோரிக்கை ஏற்கப்படவில்லை. இட ஒதுக்கீடு மட்டுமே கிடைத்தது. எத்தனை இடங்கள் என்பதில் இரு தரப்பும் உடன்படாமற்போகவே, மெஸ்டன் பிரபு நடுவராக இருந்து 65 பொது இடங்களில் 28-ஐ ஒதுக்கினார். மக்கள்தொகையில் பெரும்பான்மையினருக்கே ஒதுக்கீடு தேவைப்பட்டது என்பதை நினைவிற்கொள்க.

முடிவு வந்தபோது பிராமணரல்லாதார் 28-ஐ எளிதாகக் கடந்திருந்தனர். ஆகவே ஒதுக்கீடு வீண் என்று வாதிட்டவர்கள் உண்டு. ஒத்துழையாமையை ஏற்ற காங்கிரஸ் அத்தேர்தலைப் புறக்கணித்தது என்பதை அவ்வாதம் மறந்துவிடுகிறது. 1926இல் சுயராஜ்யக் கட்சி 41 இடங்களைப் பெற, நீதிக்கட்சி 21-க்குச் சுருங்கியது. எனினும் அப்போதும் அமைச்சரவைக்குத் தலைமையேற்றவர் பி. சுப்பராயனே. 1920இல் பதவியேற்ற சுப்பராயலு ரெட்டியார் தொடங்கி 1937இல் இராஜாஜி வரும்வரை முதலமைச்சர்கள் அனைவரும் பிராமணரல்லாதாரே. கட்சி தோற்றாலும் அதன் கோரிக்கை தோற்கவில்லை என்பதே என் கணிப்பு.

ஆனால் அக்கோரிக்கையின் எல்லையையும் பேசியாக வேண்டும். நான்கு கோடிக்கு மேற்பட்ட மாகாண மக்களுள் வாக்குரிமை பெற்றோர் ஏறத்தாழ 12.5 இலட்சம், நிலவரி, வீட்டுவரி, வருமானவரி போன்றவையே தகுதியை முடிவுசெய்தன. பெண்களுக்கு அத்தேர்தலில் வாக்கில்லை. ஆதிதிராவிடருள் வரி செலுத்தும் அளவுக்குச் சொத்துடையோர் மிகச் சிலர். அவர்களுக்கென ஒதுக்கிய தேர்தல் இடம் ஒன்றுகூட இல்லை, எம். சி. ராஜா உள்ளிட்டோர் ஆளுநரின் நியமனத்தால்தான் அவைக்கு வந்தனர். 1921இல் பக்கிங்காம், கர்னாட்டிக் ஆலை வேலைநிறுத்தம் நீதிக்கட்சிக்கும் ஆதிதிராவிடர்க்கும் இடையிலான பிளவை வெளிப்படுத்தியது. 1923இல் ராஜா கட்சியை விட்டு விலகினார். தேர்தல்வழி ஒதுக்கீட்டு இடங்கள் அம்மக்களுக்குக் கிடைக்க 1937ஆம் ஆண்டுத் தேர்தல் வரவேண்டியிருந்தது. பூனா ஒப்பந்தப்படி சென்னைக்கு வந்தவை 30.