மடிகணினி கேட்கும் 48 இலக்கங்கள்

ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். சென்ற தவணை முடிவில் புள்ளிப் பட்டியல் தயாரிக்க லெப்டொப்பைத் திறந்தால், நீலத் திரையில் 'பிட்லொக்கர் மீட்புச் சாவியைத் தருக' என்றது. முதல் நாள்தான் கடையில் மதர்போர்ட் மாற்றியிருந்தேன். ஆறு வருடப் பாடக் குறிப்புகள், வினாத்தாள்கள், மூன்று வகுப்புகளின் புள்ளிகள் எல்லாம் அதற்குள். நான் எந்தப் பூட்டும் போட்டதாக நினைவில்லை.

பூட்டியது விண்டோஸ்தான். புதிய கணினிகள் பலவற்றில் மைக்ரோசொப்ட் கணக்கால் உள்நுழைந்ததும் வட்டு தானாகவே மறைகுறியாக்கப்படுகிறது. 2024இல் வந்த விண்டோஸ் 11 பதிப்பில் இது இன்னும் பரவலாகிவிட்டது. திறக்கும் சாவியை மதர்போர்டிலுள்ள டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதி காக்கிறது. போர்ட் மாறினால், சில வேளை பயொஸ் அமைப்பு மாறினாலும், அது சந்தேகப்பட்டு 48 இலக்கங்களைக் கேட்கும்.

அந்த இலக்கங்களை ஊகிக்க முடியாது. சாத்தியமான சாவிகள் 34க்குப் பின்னால் 37 பூச்சியம் போட்டால் வரும் அளவு. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும் குழம்பிய எழுத்துகளே கிடைக்கும். மைக்ரோசொப்டாலும் புதிய சாவி செய்து தர முடியாது. 'சாவி இல்லாமலே எடுத்துத் தருகிறோம்' என்பவரிடம் முற்பணம் கொடுக்காதீர்கள். 'ரீசெட்' கொடுத்தால் கணினி இயங்கும், கோப்புகள் போய்விடும்.

ஆனால் பெரும்பாலும் சாவி தொலைந்திருப்பதில்லை. வேறு யாருடைய கணக்கிலோ இருக்கும். என் லெப்டொப்பை கத்தாரிலிருந்து அனுப்பிய மச்சான்தான் அதை முதலில் இயக்கியவர். அவருடைய மைக்ரோசொப்ட் கணக்கில், சாதனங்கள் பகுதியில், சாவி இருந்தது. திரையில் தெரியும் சாவி அடையாள எண்ணை ஒப்பிட்டு அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பத்து நிமிடத்தில் திறந்தது.

ஆகவே இந்த ஒழுங்கில் தேடுங்கள்: உங்கள் பழைய, புதிய மைக்ரோசொப்ட் கணக்குகள், கணினியை முதலில் அமைத்த உறவினர் அல்லது கடைக்காரரின் கணக்கு, பாடசாலைக் கணக்கால் நுழைந்திருந்தால் அதன் நிர்வாகி, அச்சிட்ட தாள், பென் டிரைவ். பயொஸில் எதையாவது மாற்றியிருந்தால் பழையபடி வையுங்கள். கழற்றிய மதர்போர்ட் வேலை செய்யுமானால் அதையே திரும்பப் பொருத்திப் பார்க்கலாம்.

எங்கும் கிடைக்காவிட்டால் தரவு போனதுதான். இதை நம் நாடே அனுபவித்தது. 2023 ஆகஸ்டில் அரச மின்னஞ்சல் தொகுதியைக் கப்பம் கேட்கும் வைரஸ் பூட்டியது. காப்புப் பிரதியும் சேர்ந்தே பூட்டப்பட்டதால், மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பவில்லை. சுமார் 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. அரசாங்கத்தாலேயே முடியாததை டவுன் கடை செய்யப்போவதில்லை.

இன்றே மூன்று வேலை செய்யுங்கள். செட்டிங்ஸில் தனியுரிமை, பாதுகாப்புப் பகுதிக்குள் சாதன மறைகுறியாக்கம் இயங்குகிறதா பாருங்கள். இயங்கினால் சாவியைத் தாளில் எழுதி, லெப்டொப் பையில் அல்லாமல், பிறப்புச் சான்றிதழோடு வையுங்கள். முக்கிய கோப்புகளின் பிரதியொன்றை, கணினியோடு எப்போதும் இணைத்து வைக்காத வட்டில் சேமியுங்கள். திருத்த வேலைக்குக் கொடுக்கும் முன் இம்மூன்றையும் மறுபடி பாருங்கள். நான் பார்த்திருந்தால், பிள்ளைகளின் புள்ளிகள் போய்விட்டன என்று அதிபருக்கு எப்படிச் சொல்வதென்று ஓர் இரவு முழுக்க விழித்திருந்திருக்க மாட்டேன்.