படிப்பு கூடிப்போனவர்கள்: மலையகத் தோட்டங்களில் ஒரு மறுப்பின் பொருள்

வேலைக்கு வேண்டியதைவிடக் கூடுதலாகப் படித்தவரை மறுக்கும் முதலாளி சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: நல்ல இடம் கிடைத்தால் போய்விடுவார். அதற்கு ஊரார் சொல்லும் வழி, படிப்பை மறைத்துவிடு என்பது. இலங்கை மலையகத்தின் நுவரெலியா, ஹட்டன் தேயிலைத் தோட்டங்களில் வைத்துப் பார்த்தால் காரணமும் முழுமையானதல்ல, வழியும் நெடுந்தூரம் போகாது.

1971இல் டட்லி சீயர்ஸ் தலைமையில் வந்த சர்வதேசத் தொழில் அமைப்பின் குழு, இலங்கையின் படித்த இளைஞர் எதிர்பார்த்தது ஒன்று, நாட்டில் இருந்த வேலை வேறு என்றது. அந்தக் கணக்கில் தோட்டத்துப் பிள்ளைகள் அநேகமாக இல்லை. தோட்டப் பாடசாலைகள் அப்போது தோட்டத்தை நடத்திய துரைமாரின் பொறுப்பில், பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு நின்றன. எழுபதுகளில் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கிய பிறகே, க.பொ.த. உயர்தரம் முடித்துவிட்டு, தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் காம்பராவில் காத்திருக்கும் தலைமுறை உருவானது. அவர்களுக்குத் திறந்த பெரிய கதவு ஆசிரியர் தொழில். அங்கும் 2015இல் நியமனம் பெற்ற ஆசிரியர் உதவியாளருக்கு மாதம் 6,000 ரூபாயே கொடுக்கப்பட்டது. பிறகு 10,000 ஆனது.

தோட்டத்துக்குள் நிலைமை வேறு. கொழுந்து நிறுக்கும் இடத்தைக் கவனியுங்கள். சாக்குக்கு, ஈரத்துக்கு என்று தராசில் சில கிலோ கழியும். கணிதம் படித்த பிள்ளை அங்கே நின்றால், எந்த விகிதத்தில் கழிக்கிறீர்கள் என்று கேட்கும். மாதக் கடைசியில் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டையும் பார்க்க விரும்பும். போய்விடுவார் என்ற அச்சத்தைவிட, இருந்துகொண்டே கேட்பார் என்ற அச்சமே இங்கு பலமானது என்பேன். படிப்பை மறைத்துச் சேர்ந்தாலும் அந்தக் கேள்வியை எத்தனை நாள் மறைப்பது?

நிர்வாகத்தின் பக்கத்திலும் நியாயம் உண்டு. ஒரு மலையின் தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்துக்குப் பிறகு அந்த மலை மறு கவ்வாத்து காண ஏறத்தாழ நான்கைந்து ஆண்டு ஆகும். ஒரு சுற்றுகூடப் பார்க்காமல் போகும் கண்டக்டரால், அதாவது வெளிக்கள உத்தியோகத்தரால், தோட்டத்துக்கு நட்டமே. ஆனால் போகிறவர் ஏன் போகிறார்? மேலே ஏறப் படி இல்லாததால்.

படிப்பையே குறையாக எண்ணும் தவற்றை அரசும் நல்லெண்ணத்தோடு செய்தது. வறிய குடும்பங்களுக்காக 2020இல் தொடங்கிய ஒரு லட்சம் வேலைவாய்ப்புத் திட்டம், கல்வித் தகுதி மிகக் குறைந்தோருக்கே முன்னுரிமை தந்தது. வறுமையும் உயர்தரச் சான்றிதழும் ஒரே காம்பராவில் இருக்கும் மலையகத்தில், பிள்ளையைப் படிக்கவைத்த வீடுதான் அதனால் பின்வரிசைக்குப் போனது.

ஆகவே, தீர்வைத் தனி ஆளின் விண்ணப்பத்தில் தேடுவது வீண். தொழிலாளியின் பிள்ளை கிளாக்கராகவோ டீமேக்கராகவோ உயர்வதற்கு எழுதிவைத்த விதி வேண்டும்: என்ன தகுதி, எத்தனை ஆண்டுச் சேவை, யார் தெரிவு செய்வது. அதைப் பேச மேசைதான் இல்லை. தொழிலாளர் சங்கங்கள் கம்பனிகளோடு நடத்திய பேச்சுகளில் நாட்சம்பளமே மையம். 2021இல் 1,000 ரூபாய் நிர்ணயமானபோதும் பேச்சு அதைச் சுற்றியே இருந்தது. உத்தியோகத்தருக்குத் தனிச் சங்கம், தனி ஒப்பந்தம். தொழிலாளியின் மகள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போவது இந்த இரு தரப்புப் பேச்சுகளுக்கும் நடுவில் விழுந்துவிடுகிறது. இரு தரப்புச் சங்கங்களும் சேர்ந்து அமர்ந்து பதவி உயர்வைப் பேசும் வரை, கொழும்புக் கடைகளுக்குப் போகும் பஸ்ஸில் இந்தச் சான்றிதழ்களும் ஏறிக்கொண்டே இருக்கும்.